உலாவிக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிய ஒரு முகம். கூகுள் குரோமில் ‘இன்காக்னிடோ’ சன்னலைத் திறந்ததும் வந்து நிற்பது அதுதான். அந்தப் படத்தை நம்பி, டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட நோயையும் வீட்டில் சொல்லாத கடனையும் அதில் தேடிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். 2020 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிலர் கூகுள் மீது வழக்குத் தொடுத்தார்கள். இன்காக்னிடோவில் இருந்தபோதும் கூகுளின் விளம்பர நிரல்களும் புள்ளிவிவர நிரல்களும் தங்கள் நடமாட்டத்தைத் திரட்டிக்கொண்டே இருந்தன என்பது புகார். கேட்ட இழப்பீடு 500 கோடி டாலர். ஏறத்தாழ நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2024 ஏப்ரலில் சமரச ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கில் சேர்ந்த பயனர் கூட்டத்துக்கு மொத்தமாகக் காசு எதுவும் இல்லை. ஆனால் திரட்டி வைத்திருந்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிப்பதாக கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிடோ பக்கத்தின் வாசகமும் மாறியது. தளங்களும் அவை பயன்படுத்தும் சேவைகளும் தகவல் திரட்டும் முறை இதனால் மாறாது என்றும், அந்தச் சேவைகளில் கூகுளும் அடக்கம் என்றும் இப்போது அங்கேயே எழுதியிருக்கிறது.

இன்காக்னிடோ பார்க்கும் வேலை மிகச் சிறியது. சன்னலை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கீகளும் அந்தக் கருவியில் தங்காது. ஒரே கணினியில் அடுத்து உட்காரும் தம்பிக்கோ, பிரவுசிங் சென்டரில் அடுத்து வருபவருக்கோ தெரியாது, அவ்வளவுதான். போன தளத்துக்குத் தெரியும். அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்தத் தளம் என்பது வரை தெரியும். இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் அப்படியே. உள்ளே போய் ஜிமெயிலைத் திறந்துவிட்டால் கூகுளுக்குப் பெயர், முகவரியோடு தெரியும். 2018-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தினரும் ஜெர்மனியின் ஹனோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தினரும் 460 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கூகுள் கணக்கில் நுழைந்த நிலையிலும், தனிச் சன்னலில் தேடியதை கூகுள் பதிந்து வைக்காது என்று அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லாத உலாவி இன்று ஒன்றுகூட இல்லை. விளம்பர வாசகங்களை வைத்து நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். உலாவி என்பது கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். இரவு பகலாக ஓட்டைகளை அடைக்கப் பொறியாளர் படை வேண்டும். அப்படியிருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் படைக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? இது முதல் கேள்வி. நிறுவிய பிறகு பயனர் ஒரு விசையைக்கூடத் தொடாமல் விட்டால் அந்த உலாவி என்ன செய்கிறது? இது இரண்டாவது. செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களே அதிகம் என்பதால், முதல் கேள்வியைவிட இதற்குக் கனம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

கதை 1994-ல் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இளம் பொறியாளருக்கு ஒரு சிக்கல் வந்தது. இணையதளத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்திருப்பவர் அதே ஆள்தான் என்று கடைக்குத் தெரியாது. ஒரு சிறு குறிப்பை உலாவியிடமே கொடுத்து வைத்து, அடுத்த முறை வரும்போது அதைத் திருப்பிக் காட்டச் சொல்லலாம் என்று மொன்டுல்லி ஏற்பாடு செய்தார். அதுதான் குக்கீ. இன்று பேங்க் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதும் அதன் தயவில்தான்.

வம்பு வந்தது வேறு வழியாக. ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது செய்தி மட்டும் வருவதில்லை. ஓரத்தில் உள்ள விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை வைத்துவிட்டுப் போகிறது. காலையில் செய்தி, மதியம் சர்க்கரை நோய் மாத்திரையின் பக்கவிளைவு, மாலையில் பட்டுப்புடவை என்று மூன்று தளங்களுக்குப் போனவரின் பெயர் அந்த மூன்றுக்குமே தெரியாமல் இருக்கலாம். மூன்றிலும் விளம்பரம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ, வந்தவர் ஒரே ஆள் என்று தெரியும். 1997 பிப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் மொன்டுல்லியும் எழுதிய குக்கீத் தர ஆவணம் இந்த ஆபத்தை அப்போதே கண்டு சொல்லிவிட்டது. இப்படி மூன்றாம் தரப்பிலிருந்து வரும் குக்கீகளை உலாவிகள் இயல்பாகவே முடக்கி வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அன்றைய இரண்டு பெரிய உலாவிகளான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டபிள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் வளர்ந்தன.

அந்த டபிள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கும் பேரத்தை கூகுள் முடித்தது 2008 மார்ச்சில். அதே ஆண்டு செப்டம்பரில் குரோம் வெளிவந்தது. இரண்டையும் ஒரே சதியின் இரு பாதிகள் என்று சொல்வது மிகை. குரோம் வேகமாக இருந்தது, பாதுகாப்பில் மற்றவற்றைவிட முந்தியிருந்தது, அதனால்தான் ஜெயித்தது. இன்று உலகின் உலாவிப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதன் கையில். ஆனால் குரோம் குழுவின் சம்பளம் விளம்பரத் தொழிலிலிருந்து வருகிறது என்பதும் உண்மை. அந்த உண்மை எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்க, மூன்றாம் தரப்புக் குக்கீயின் கடைசி அத்தியாயம் போதும். ஆப்பிளின் சஃபாரி 2003-ல் பிறந்ததிலிருந்தே அவற்றைப் பெருமளவு தடுத்து வந்தது; 2020 மார்ச்சில் முழுவதுமாக நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸ், அறியப்பட்ட கண்காணிப்புக் குக்கீகளை 2019 செப்டம்பரில் எல்லோருக்கும் தடுத்தது; 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கீ டப்பா கொடுத்து, ஒன்றில் வைத்ததை இன்னொன்றில் படிக்க முடியாதபடி செய்தது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டே ஆண்டில் நாங்களும் நிறுத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்தது. இரண்டு ஆண்டு 2023 ஆனது, பிறகு 2024, பிறகு 2025. கடைசியில் 2024 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. பயனரிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்ற மாற்று யோசனையும் 2025 ஏப்ரலில் போய்விட்டது.

அதற்காக சஃபாரிக்கு மாலை போட்டுவிடவும் முடியாது. 2012-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜொனாதன் மேயர், சஃபாரியின் தடையை கூகுள் ஒரு தந்திரத்தால் தாண்டிச் செல்வதைக் கண்டுபிடித்தார். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2.25 கோடி டாலர் அபராதம் போட்டது. ஆனால் அதே ஆப்பிள்தான் சஃபாரியின் தேடல் பெட்டியில் கூகுளை முதலில் வைக்க 2022-ல் மட்டும் 2000 கோடி டாலர் வாங்கியிருக்கிறது. கூகுள் மீதான ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு இது. மோசில்லா என்ற லாபநோக்கற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமான ஃபயர்பாக்ஸின் நிலைமை இன்னும் சங்கடமானது. அதன் வருமானத்தில் 85 சதவீதம் அளவுக்கு கூகுளிடமிருந்து வருகிறது என்று மோசில்லாவின் நிதி அதிகாரி 2025-ல் அதே வழக்கில் சாட்சி சொன்னார். கூகுளுக்கு எதிராக நிற்கும் உலாவி, கூகுள் கொடுக்கும் பணத்தில் நிற்கிறது. இணையம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

குக்கீயை அழிக்கலாம், தடுக்கலாம். அழிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஒரு தளத்தைத் திறக்கும்போது, பக்கத்தைச் சரியாகக் காட்டுவதற்காக உலாவி தன்னைப் பற்றிப் பல விவரங்களைச் சொல்கிறது: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், திரையின் அகலம் உயரம், நேர மண்டலம், மொழி, எழுத்துருக்கள். தனித்தனியே எடுத்தால் இவற்றில் ரகசியம் எதுவும் இல்லை. சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் வேறாகிறது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனில் இருந்த பீட்டர் எக்கர்ஸ்லி, ‘பனாப்டிக்ளிக்’ என்ற தளத்தை அமைத்து வருபவர்களின் உலாவி விவரங்களைச் சேகரித்தார். 2010-ல் வெளியான அவருடைய ஆய்வில் சுமார் 4.7 லட்சம் உலாவிகள் இருந்தன. அவற்றில் 83.6 சதவீதம், தன்னைப் போல் இன்னொன்று இல்லாதவை. ஃபிளாஷோ ஜாவாவோ இருந்தவற்றில் அது 94.2 சதவீதம். பெயர் வேண்டாம், குக்கீ வேண்டாம். உலாவியின் கைரேகையே போதும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. பழைய கோப்புகளைத் திறப்பதற்காக பாமினி, டிஸ்கி எழுத்துருக்களை நிறுவி வைத்திருக்கும் டிடிபி கணினி, டொரன்டோவிலோ பாரிஸிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எழுத்துருப் பட்டியலும் அந்த நேர மண்டலமும் சேர்ந்தால், சந்தேகப்பட வேண்டியவர்களின் வட்டம் ஊர் அளவிலிருந்து தெரு அளவுக்குச் சுருங்கிவிடும்.

எழுத்துருவைப் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் இல்லை. சான் டியேகோ கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மௌரியும் ஷாகமும் 2012-ல் காட்டிய உத்தி இன்னும் நுட்பமானது. இணையப் பக்கம், பயனர் கண்ணில் படாத ஒரு படப்பரப்பில் ஏதோ ஒரு வரியை எழுதச் சொல்லி உலாவிக்குக் கட்டளையிடும். அந்த வரியை ஒவ்வொரு கணினியும் தன் கிராபிக்ஸ் சில்லு, மென்பொருள், எழுத்துருவை மென்மையாக்கும் முறை ஆகியவற்றுக்கு ஏற்ப மயிரிழை வித்தியாசத்தோடு வரையும். வரைந்த படத்தை எண்ணாக மாற்றினால் அடையாள எண் தயார். இரண்டே ஆண்டில் இது ஆய்வகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பிரின்ஸ்டன், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் உலகின் முன்னணி ஒரு லட்சம் தளங்களைச் சோதித்தபோது, 5.5 சதவீதத் தளங்களில் இந்த உத்தி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க அதிபர் மாளிகையின் தளமும் அதில் ஒன்று. பெரும்பாலானவற்றுக்குக் காரணம், பக்கத்தைப் பகிர உதவும் ‘ஆட்திஸ்’ என்ற பொத்தான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தன்னை மறைத்துக்கொள்ள ஒருவர் செய்யும் ஒவ்வொரு தனிப்பட்ட மாற்றமும் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டக்கூடும். ‘என்னைப் பின்தொடராதே’ என்று தளங்களுக்குச் சொல்லும் ஒரு குறி 2011-ல் ஃபயர்பாக்ஸில் வந்தது, பிறகு மற்றவற்றிலும் வந்தது. தளங்கள் அதை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. பெரும்பாலானவை மதிக்கவும் இல்லை. மாறாக, அந்தக் குறியைப் போட்டவர் யார் என்பதே கைரேகைக்கு ஒரு கோடு கூடுதலாகச் சேர்த்தது. அதைக் காரணம் காட்டியே ஆப்பிள் 2019-ல் சஃபாரியிலிருந்து அதை எடுத்துவிட்டது.

கைரேகைக்கு இரண்டு வகையான மருந்துகள் இருக்கின்றன. பள்ளிச் சீருடை போல எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவது ஒன்று. டோர் உலாவி அந்த வழி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1990-களில் பிறந்த யோசனையிலிருந்து வளர்ந்தது இது. 2006 முதல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. போக்குவரத்து மூன்று இடைநிலையங்கள் வழியாக, அடுக்கடுக்காகப் பூட்டப்பட்டுப் போகும். யாரிடமிருந்து வந்தது என்று முதல் நிலையத்துக்குத் தெரியும். எங்கே போகிறது என்று கடைசி நிலையத்துக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து எவருக்கும் தெரியாது. அதோடு, உலாவியில் நேர மண்டலம் எல்லோருக்கும் ஒன்றே. எழுத்துருக்களில் அனுமதிக்கப்பட்டவை மட்டும். சன்னலைப் பெரிதாக்கினால் ஓரத்தில் சாம்பல் நிற விளிம்பு வரும். புதிதாக வருபவர்கள் கோளாறு என்று நினைப்பார்கள். பக்கத்தின் அளவை நூறு இருநூறு புள்ளிகளின் மடங்காக வெட்டி, திரையின் உண்மையான அளவை மறைக்கும் ஏற்பாடு அது. டோர் வலையின் மந்தம் பிடிக்காதவர்களுக்காக, ஸ்வீடனின் விபிஎன் நிறுவனமான முல்வாட், டோர் திட்டத்தினரோடு சேர்ந்து 2023 ஏப்ரலில் இதே சீருடையை டோர் வலை இல்லாத ஓர் உலாவியாக வெளியிட்டது.

இரண்டாவது மருந்து பொய் சொல்வது. பிரேவ் உலாவி, மேலே சொன்ன மறைவான படப்பரப்பு போன்ற விஷயங்களில் தளத்துக்குத் தளம், அமர்வுக்கு அமர்வு மிகச் சிறிய மாற்றங்களைக் கலந்து கொடுக்கிறது. இன்று எடுத்த கைரேகை நாளை பொருந்தாது. வேகம் குறையாது, பக்கங்கள் அதிகம் உடையாது என்பதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு இது வசதி. உயிர் போகிற ரகசியத்துக்கு டோரின் வழியே மேல்.

அந்த டோருக்கும் எல்லை உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தேர்வைத் தள்ளிப்போட நினைத்த ஒரு மாணவர் டோர் வழியாக அனுப்பியது அது. டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டோரைத் திறந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள், விசாரித்தார்கள், அவர் ஒப்புக்கொண்டார்.

தளங்கள் வேவு பார்ப்பது இருக்கட்டும், உலாவியே தன் வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்புகிறது? 2020 தொடக்கத்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத் ஆறு உலாவிகளைப் புதிதாக நிறுவி, எந்த அமைப்பையும் மாற்றாமல், அவை அனுப்பும் தகவல்களை வழிமறித்துப் படித்தார். பிரேவ் மிகக் குறைவாகப் பேசியது. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி நடுவில். முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்யச் செய்ய எழுத்துகள் பரிந்துரைக்காக வெளியே போய்க்கொண்டிருந்தன. மைக்ரோசாஃப்ட் எட்ஜும் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் கடைசி. கணினியின் வன்பொருளோடு ஒட்டிய, உலாவியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் மாறாத அடையாளத்தை அவை அனுப்பின. ஆய்வுக்குப் பின் பல பதிப்புகள் மாறிவிட்டன. இந்த வரிசையை இன்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் உலாவியை மதிப்பிட இப்படி ஒரு முறை இருக்கிறது என்பதைக் காட்டிய வகையில் அது முக்கியமான வேலை.

இந்தியர்களுக்கு இதில் ஒரு கசப்பான பாடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2ஜி வேகத்தில், ஐயாயிரம் ரூபாய் போனில் இணையம் வந்த காலத்தில் பக்கங்களைச் சுருக்கித் தந்து டேட்டாவை மிச்சப்படுத்தியது, அணில் சின்னம் போட்ட யூசி பிரவுசர். தன் சர்வர் வழியாகப் பக்கத்தை வாங்கிச் சுருக்கித் தரும் உத்தி அது. அதாவது பார்ப்பதெல்லாம் முதலில் அவர்கள் கையைக் கடந்துதான் வரும். சீன நிறுவனமான அலிபாபாவின் கையில் இருந்த அந்த உலாவியை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015 மே மாதம் பிரித்துப் பார்த்தது. தேடிய சொற்கள் பூட்டப்படாமல் வெளியே போயின. சீன மொழிப் பதிப்பில் போனின் ஐஎம்இஐ எண், சிம் கார்டின் அடையாளம்கூடச் சரியான மறையாக்கம் இல்லாமல் போனது. வழியில் காத்திருக்கும் எவரும் எடுத்துப் படிக்கலாம். மேற்கத்திய உளவு அமைப்புகள் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தது ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில் இருந்தது. இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளைத் தடை செய்தபோது பட்டியலில் யூசியும் இருந்தது. எல்லை மோதலின் சூட்டில் வந்த தடை அது. ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்து அதற்குள் ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

அந்தரங்கமே எங்கள் தொழில் என்று கடை விரித்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியதுதான் பிரேவ். 2020 ஜூனில், ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியை அடிக்கும்போது தனக்குக் கமிஷன் வரும் குறியீட்டை அது தானாகச் சேர்ப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். ஐக் தவறு என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினார். டக்டக்கோவின் கைபேசி உலாவி, தேடல் ஒப்பந்தம் காரணமாக மைக்ரோசாஃப்டின் சில வேவு நிரல்களை மட்டும் தடுக்காமல் விட்டது 2022 மே மாதம் வெளிவந்தது; ஆகஸ்டில் திருத்தினார்கள். ஃபயர்பாக்ஸ் 2024 ஜூலையில், விளம்பரத்தின் பலனை அளக்கும் ஒரு வசதியைப் பயனரைக் கேட்காமலே இயக்கி வைத்தது. மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பணம் வரும் திசையில்தான் சறுக்கல். வேற்றுமையும் உண்டு, விஷயம் வெளிவந்த பிறகு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுமையாகச் சரி செய்தார்கள் என்பதைப் பார்த்தால், இவர்களுக்கும் குக்கீயை ஐந்து ஆண்டு இழுத்தடித்தவர்களுக்கும் தூரம் அதிகம்.

நீட்சிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உலாவிக்குள் ஓடும் நீட்சி, பார்க்கும் பக்கம் முழுவதையும் படிக்கக்கூடியது. அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம், வேவு பார்ப்பதைத் தடுப்பதாகச் சொல்லிக் கொடுத்த நீட்சிகளின் வழியே பயனர்கள் போன தளங்களின் பட்டியலைச் சேர்த்து, ‘ஜம்ப்ஷாட்’ என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதித்த தொகை 1.65 கோடி டாலர். அதனால் நீட்சி ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு. அந்த ஒன்று, விளம்பரங்களையும் வேவு நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினாக இருந்தால் நல்லது. அதை எழுதிப் பராமரிக்கும் ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. ஆனால் குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதால் 2024, 2025-ல் அந்த நீட்சி அதில் படிப்படியாக முடக்கப்பட்டது. இப்போது ‘லைட்’ என்ற மெலிந்த வடிவம்தான் கிடைக்கும். முழு வடிவம் ஃபயர்பாக்ஸில் இன்னும் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும் கூட.

விபிஎன் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் கண்ணிலிருந்து அது மறைக்கும். மறைத்ததை விபிஎன் நடத்துபவரின் கண்முன் வைக்கும். குக்கீக்கும் கைரேகைக்கும் அதனால் ஒரு கேடும் இல்லை.

உலாவியை எவ்வளவு பார்த்துத் தேர்ந்தாலும் பக்கத்தில் இருக்கும் செயலிகள் அதைக் கவிழ்த்துவிட முடியும் என்று 2025 ஜூனில் தெரிந்தது. மாட்ரிட்டின் ஐஎம்டிஇஏ நெட்வொர்க்ஸ், நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகம், லூவன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சொன்னது இது: ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் பின்னணியில் உட்கார்ந்து, போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு வாசலில் காது வைத்துக்கொண்டிருந்தன. மெட்டாவின் வேவு நிரல் பதிந்த ஏதாவது ஒரு தளத்தை உலாவியில் திறந்தால், அந்த நிரல் தன் குக்கீயை அந்த உள்வாசல் வழியே செயலிக்குக் கொடுத்துவிடும். செயலியில் பயனர் பெயரோடு நுழைந்திருக்கிறார். முடிந்தது கதை, இன்காக்னிடோ, குக்கீ அழிப்பு எதுவும் குறுக்கே நிற்காது. யாண்டெக்ஸ் இதேபோன்ற உத்தியை 2017 முதலே செய்துவந்திருந்தது. ஆய்வு வெளியான அன்றே மெட்டா நிறுத்திக்கொண்டது. பிரேவ் பயனர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்; தளங்கள் போனின் உள்வாசலைத் தட்டுவதை அது முன்பே இயல்பாகத் தடுத்திருந்தது. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவும் 2023 மே மாதம் ‘உலா’ என்ற உலாவியோடு களத்தில் இறங்கியது. இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை வென்றதும் அதுதான். ஸோஹோ அலுவலக மென்பொருள் விற்றுப் பிழைக்கும் நிறுவனம், விளம்பரம் விற்பதில்லை. ஆக முதல் கேள்வியில் உலா தேறிவிடும். அடிப்படை இயந்திரம் என்னவோ கூகுள் வளர்க்கும் குரோமியம்தான். எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்கும் அதுவே. இரண்டாவது கேள்விக்கு உள்ளூர்ப் பெருமை பதிலாகாது. லீத் செய்தது போன்ற வெளியாள் சோதனைகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலையில் கணினிக்கு ஃபயர்பாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் நல்ல ஜோடி. செட்டிங்ஸ் பக்கமே போகாத அப்பா அம்மாவுக்கு பிரேவ் நிறுவிக் கொடுத்து, அதன் கிரிப்டோ, வெகுமதி சமாச்சாரங்களை அணைத்து வைத்தால் போதும். ஐபோனில் சஃபாரியே போதுமானது. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, ஆப்பிள் கடையில் கிடைக்கும் மற்ற உலாவிகளுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் இயந்திரம்தான். ஆதாரம் தருபவரைக் காப்பாற்ற வேண்டிய பத்திரிகையாளருக்கு டோர், அதையும் பழகிய பிறகு. எதை எடுத்தாலும் கணக்குகளில் நுழைந்து செய்யும் வேலைகளுக்கு ஓர் உலாவி, தேடுவதற்கும் படிப்பதற்கும் இன்னோர் உலாவி என்று பிரித்துக்கொண்டால், பெயரும் நடமாட்டமும் ஒரே இடத்தில் சேர்வது கணிசமாகக் குறையும். அலுவலகக் கட்டாயத்தால் குரோமை விட முடியாதவர்கள், அதன் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போகலாம். மூன்றாம் தரப்புக் குக்கீகளை நிறுத்தும் விசை அங்கே இருக்கிறது. 2020-ல் கூகுள் வாக்குக் கொடுத்து, ஐந்து ஆண்டு கழித்துக் கைவிட்ட வேலையைப் பயனரே ஒரு தட்டலில் செய்துகொள்ளலாம்.